படுவான்கரை நிலமும் அதனை அளந்தோரும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்பாங்கான நெடுநிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிந்துள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியே இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை. எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கியும், படுவான்கரையில் வயல்கள் பரந்தும் காணப்படும். ஒரு கரையில் இல்லமும் மறுகரையில் வேளாண்மையுமாக வாழ்ந்த போடியார் குடும்பங்களின் வாழ்க்கை, பல தலைமுறைகளாகத் தோணியிலும் பாதையிலும் கழிந்தது.

வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர் உன்னிச்சையை அடைவர். அங்குள்ள பெருங்குளம் படுவான்கரையின் உயிர்நிலைகளுள் ஒன்று. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அதன் நீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்கின்றது. அண்மைக் காலத்தில், வவுணதீவிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக, வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகரத்தாரின் குடிநீராகவும் அதுவே சென்று சேர்கின்றது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை மிகுந்து வான்கதவுகள் திறக்கப்படும்பொழுது, கீழே உள்ள ஊர்கள் அச்சத்தோடு நீர்மட்டத்தை நோக்கியிருக்கும். 2011ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருவெள்ளத்தை அப்பகுதியார் இன்னும் மறந்திலர்.

இத்தகைய நிலத்தை அளப்பது எளிதன்று. மழைக்காலத்தில் அது நீர். கோடையில் அது புழுதி. சில ஆண்டுகள் உழாது விட்டால் அது காடு. இந்நிலத்தை அளக்க விதைநெல்லோடு வந்தோர் உண்டு. இரும்புச் சங்கிலியோடு வந்தோர் உண்டு. விமானத்தில் ஏறி வந்தோரும் உண்டு. இன்று கையால் தூக்கிச் செல்லத்தக்க சிறிய ஆளில்லா வானூர்தி, அதாவது ட்ரோன், அந்தப் பணிக்கு வந்து நிற்கின்றது. ஒவ்வோர் அளவையும் எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்று ஆராய்ந்தால், புதிய கருவியிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பதும் ஒருவாறு புலப்படும்.

பழைய மட்டக்களப்பில் வயலின் அளவைச் சொல்ல விரும்பியவர் நீள அகலத்தைக் கூறமாட்டார்; அதில் எத்தனை மரைக்கால் விதைக்கலாம், எத்தனை அவணம் விதைக்கலாம் என்றே கூறுவார். விதைப்பின் அளவே நிலத்தின் அளவு. நகரத்துக் கல்வி பெற்றோர் இதனை அறியாமையின் விளைவென்று எண்ணக்கூடும். ஆராய்ந்தால் அஃது அறியாமையன்று. உழவனுக்கு வேண்டுவது நிலத்தின் வடிவமன்று; நிலம் எவ்வளவு வாங்கும், எவ்வளவு தரும் என்பதே. எல்லை எது என்ற வினாவுக்கு வரம்பும், வாய்க்காலும், வாய்க்காற்கரையில் நின்ற மருதமரமும் விடை கூறின. அவையும் போதாதவிடத்து வட்டவிதானையும் அயல்வயற்காரரும் கூறிய சொல்லே முடிவாயிற்று.

அரசுக்கோ இந்தக் கணக்குப் போதாது. வரி விதிக்க விரும்பும் அரசு நிலத்தை ஒரே கோலால் அளந்தாக வேண்டும். சோழநாட்டில் முதலாம் இராசராசன் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதையும் அளப்பித்தான். 16 சாண் நீளமுள்ள கோல் உலகளந்த கோல் எனப்பட்டது. அப்பணியை நடத்திய தலைவனுக்கு உலகளந்தான் என்ற பட்டம் வழங்கிற்று. ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டு எழுதிய அக்காலக் கணக்கரின் நுட்பம் வியப்புக்குரியது. அவ்வளவு சிறிய துண்டில் ஒரு நெற்றாளும் நிற்கமாட்டாதே என்று இக்காலத்தார் நகைக்கலாம். வரிக் கணக்கோ நெற்றாளைப் பார்ப்பதில்லை.

இலங்கையில் முறையான நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆவணி மாதம் 2ஆம் நாள், தேசாதிபதி பிரடெரிக் நோர்த் காலத்தில் தோன்றியது. அதன் முதல் நில அளவையாளர் நாயகம் யோசப் யோன்வில் என்ற பிரான்சியர். இந்நாட்டின் திணைக்களங்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றாகிய அதற்குக் கிடைத்த கருவி 66 அடி நீளமுள்ள சங்கிலி. 100 கண்ணிகளைக் கொண்ட அச்சங்கிலியால் அளந்த 10 சதுரச் சங்கிலி நிலமே ஓர் ஏக்கர். ஏக்கரும் றூட்டும் பேர்ச்சும் தமிழ் மக்களின் பேச்சிலே கலந்ததும், அவணம் மெல்ல மெல்ல மறைந்ததும் இச்சங்கிலியின் செயல்.

சங்கிலியின் பின்னால் சட்டமும் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதெனவே கொள்ளப்படும் என்று விதித்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. இவ்விதியின் பளு எங்கே விழுந்தது என்பதைச் சேனைப் பயிர் செய்வோர் நன்கறிவர். சேனை என்பது ஓரிரு ஆண்டு பயிரிட்டு, மண் இளைத்ததும் பல ஆண்டுகள் ஓய்வு கொடுத்து, மீண்டும் வந்து வெட்டி எரித்து விதைக்கும் முறை. ஓய்வில் கிடக்கும் சேனை காண்போர் கண்ணுக்குக் காடு. அதன் உரிமையாளன் மனத்தில் அஃது அடுத்த போகத்துக்குரிய நிலம். சங்கிலி பிடித்துச் சென்ற அளவையாளர் தாம் சென்ற நாளிற் கண்டதை எழுதினார். காடு என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லால் நிலம் கைமாறிற்று. இந்தச் சிக்கல் ட்ரோன் காலத்திலும் தீர்ந்தபாடில்லை. ஆதலின் இதனை நேயர்கள் நினைவில் இருத்துதல் நலம்.

சங்கிலியால் ஒரு வயலை அளக்கலாம். ஒரு நாட்டை அளக்க இயலாது. சிறுசிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் ஊரே இடம் மாறிவிடும். இதற்குக் கண்ட வழி முக்கோண அளவை. ஒரேயொரு கோட்டை மட்டும் மிகுந்த கவனத்தோடு நிலத்தில் அளப்பர். அதன் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளப்பர். அடியும் கோணங்களும் தெரிந்தால், நடந்து செல்லாமலே குன்றின் தொலைவு கணக்கிற் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம். இப்படியே நாடு முழுவதும் முக்கோணங்களால் வலை பின்னப்படும். இந்தியாவில் இப்பணியை வில்லியம் லாம்ப்டன் 1802ஆம் ஆண்டு சித்திரை மாதம் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையின் அருகே அடிக்கோடு அளந்து தொடங்கினார். அவருடைய பெரிய தியோடலைட் கருவி அரை தொன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் அதனை ஏற்றும்பொழுது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் மனந்தளராது பல கிழமைகள் தாமே இருந்து அதனைச் சீர்செய்தார். உலகளந்த கோலால் நாட்டை அளப்பித்த மன்னன் எடுப்பித்த கோயிலே, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நாடளக்க வந்த மற்றொரு கருவியை உடைத்தது!

இலங்கையின் முக்கோண வலைக்கு இரண்டு அடிக்கோடுகள் அமைந்தன. ஒன்று மேற்கே நீர்கொழும்பை அடுத்த கந்தவலையில். மற்றொன்று கிழக்கே மட்டக்களப்பைச் சேர்ந்த வவுணதீவில். உன்னிச்சைக்குச் செல்லும் வழியில் உள்ள அதே வவுணதீவுதான். மலைநாட்டில் குன்றுகள் ஒன்றையொன்று பார்க்கும். ஆனால் சமதரையான நீண்ட கோடு அங்கே கிடைக்காது. படுவான்கரையின் வெளி அதனைத் தந்தது. இத்தீவு முழுவதையும் படமாக எழுதியோர் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வந்து நின்ற நிலம் படுவான்கரை என்பது அப்பகுதிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சொல்லத்தக்க செய்தி. அவ்வலையின் மேல் 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்தியது, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவிலான தரைத்தோற்றப் படத் தொகுதி. அப்படத்தில் ஓர் ஏக்கர் வயல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரம். குளத்தையும் ஆற்றையும் அது அழகாகக் காட்டும். வரவையையும் வரம்பையும் காட்டமாட்டாது.

மேலேயிருந்து பார்த்தால் எல்லாவற்றையும் ஒருங்கே காணலாமே என்ற ஆசை, பறக்கும் கலையோடு பிறந்தது. பாரிசு நகரத்து நிழற்படக் கலைஞர் நாடார் — இது நம்மவர் பெயரன்று. துர்ணாசோன் என்ற பிரான்சியர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் — 1858இல் பலூனில் ஏறி, பியேவ்ர் பள்ளத்தாக்கின்மேல் நின்று முதலாவது வான்படத்தை எடுத்தார். அவர் விரும்பியது அழகிய காட்சியை மட்டுமன்று. நில அளவைக்கும் இப்படம் பயன்படவேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதே நாட்டுப் படை அதிகாரி லோசெடா, நிழற்படத்திலிருந்து அளவெடுக்கும் கணிதத்தை வளர்த்தார். ஜெர்மனியில் நொய்ப்ரோனர் என்ற மருந்தாளர் புறாவின் மார்பில் சிறு கமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். ஆளில்லாது பறந்து படமெடுத்த முன்னோடிகளுள் அந்தப் புறாக்களையும் சேர்த்து எண்ணலாம். 1914இல் மூண்ட முதலாம் உலகப் போரிலேதான் விமானத்திலிருந்து படமெடுக்கும் கலை முதிர்ந்தது. நிலத்தைக் காட்டும் கலையைப் பகைவனின் பதுங்குகுழியைக் காணும் தேவை வளர்த்தது என்பது வரலாற்றின் கசப்பான உண்மைகளுள் ஒன்று.

வான்படத்தை அளவையாக மாற்றும் தத்துவம் மனிதனுடைய இரு கண்களில் உள்ளது. வலக்கண் காண்பதும் இடக்கண் காண்பதும் சிறிதளவு வேறுபடும். அவ்வேறுபாட்டாலேயே அண்மையும் சேய்மையும் புலனாகின்றன. விமானம் நேர்கோட்டிற் சென்று, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழுமாறு எடுத்தால், இரண்டு படங்களும் இரு கண்களாகும். தகுந்த கருவியினூடாக நோக்குவோருக்குத் தட்டைப் படத்திலிருந்து குன்று எழும், பள்ளம் தாழும். அவ்வுருவத்திலிருந்து உயரத்தையும் கணக்கிடலாம்.

இலங்கை முழுவதும் இவ்வாறு படமாக்கப்பட்டது 1956ஆம் ஆண்டில். 1950இல் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் மாநாட்டிலே உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா நாடு அவ்வுதவியை அளித்தது. 1:40,000 என்ற அளவில் எடுத்த அப்படங்களைக் கொண்டு இலங்கைக் காடுகளின் கணக்கெடுப்பு 1961இலும், மகாவலி கங்கை வடிநிலத்தின் வளங்கள் பற்றிய அறிக்கை 1962இலும் வெளிவந்தன. பிற்காலத்து மகாவலித் திட்டத்தின் பின்னே இவ்வான்படங்களும் நிற்கின்றன. ஓர் அங்குலப் படத் தொகுதிக்குப் பதிலாக நில அளவைத் திணைக்களம் பின்னர் வெளியிட்ட 1:50,000 அளவிலான 92 தாள்களும் வான்படத்தை அடிப்படையாகக் கொண்டவையே.

1956ஆம் ஆண்டுப் படத்தில் ஓர் ஏக்கர் நிலம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவினது. எனினும் அதன் மதிப்பு அளவில் இல்லை, ஆண்டில் இருக்கின்றது. அன்று எது வயல், எது காடு, எந்தக் குளம் உடைந்து கிடந்தது, எந்தப் பாதை வண்டிப் பாதையாக இருந்தது என்பவற்றுக்கு அது மாறாச் சான்று. 1978 கார்த்திகை மாதச் சூறாவளியில் மட்டக்களப்பின் தென்னைகளும் எல்லையாக நின்ற முதுமரங்களும் சாய்ந்தன. படத்தில் அவை இன்றும் நிற்கின்றன. ஆனால், ஓய்வில் கிடந்த சேனை? 1840ஆம் ஆண்டுச் சட்டம் கண்டவாறே 1956ஆம் ஆண்டுக் கமராவும் அதனைக் காடென்றே கண்டது. கமராவுக்கு ஒரு நாள்தான் தெரியும். நிலத்தின் உரிமையோ பல நாளால், பல ஆண்டால், பல தலைமுறையால் ஆகியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்ப வல்லது அங்கே வாழ்ந்தோரின் சாட்சியும் அவர் கையிலுள்ள ஆவணமும் அன்றி வேறில்லை.

அந்தச் சாட்சிகளையும் ஆவணங்களையும் போர் சிதறடித்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுக் காணி திருத்திய குடும்பங்கள் இலங்கையின் குளத்துக் குடியேற்றங்களில் எண்ணற்றவை. பத்திரத்தில் வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய காணி என்று எழுதியிருக்கும். 2007ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் உடுத்த உடையோடு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபொழுது, பத்திரத்தைக் கொண்டுவந்தோர் சிலர்; விட்டுவந்தோர் பலர். முன்னரும் ஒரு முறையன்று, பல முறை அவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். திரும்பிச் சென்றபொழுது வரம்பு கரைந்திருந்தது, வாய்க்கால் தூர்ந்திருந்தது, தெற்கேயிருந்த இன்னார் உயிரோடிருக்கவில்லை. உழாத வயலில் பற்றை வளர்ந்து காடாகியிருந்தது. போர்க்காலத்திற் கைவிடப்பட்ட வயல்கள் பின்னர் காடென எல்லையிடப்பட்டன என்ற முறையீடு வடக்கிலும் கிழக்கிலும் பலகாலும் எழுந்துள்ளது. 1840ஆம் ஆண்டின் பழைய வினாவே வேறு உடையணிந்து மீண்டும் வந்து நின்றது.

ஆளில்லா வானூர்தியை இம்மக்கள் முதன்முதல் அறிந்ததும் போரினால்தான். வானில் இரைந்துகொண்டே சுற்றும் வேவு விமானத்துக்கு வன்னி மக்கள் வண்டு என்று பெயரிட்டனர். வண்டின் இரைச்சல் கேட்டால் அடுத்து எறிகணை வரும் என்று அஞ்சிய செவிகள் அவை. ஆகவே, இன்று ஓர் அளவையாளர் வயல்வெளியில் நின்று ட்ரோனைப் பறக்கவிடும்பொழுது, வயது முதிர்ந்தோர் சிலர் நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தால், அதனைப் பட்டிக்காட்டு மருட்சி என்று தள்ளிவிடுதல் தகாது. என்ன செய்யப் போகின்றோம், எந்த நாள், எதற்காக என்பதை முன்கூட்டியே ஊராருக்கு அறிவித்தல் அளவைப் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படவேண்டும்.

இனி, இக்கருவியின் செயலைச் சிறிது நோக்கலாம். சில கிலோகிராம் எடையுள்ள ட்ரோன் ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில், கணினியில் முன்னரே வரைந்த கோடுகளின் வழியே, ஏர் உழும் மாடு சாலை மாறாது சென்று திரும்புவதுபோலச் சென்று திரும்பும். ஒரு பற்றரி அரை மணி நேரத்துக்கு அண்ணளவாகத் தாங்கும். நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படும். கணினி அவற்றிலுள்ள பொதுப்புள்ளிகளைக் கண்டுபிடித்து, இருகண் தத்துவத்தையே பல கண்களாகப் பெருக்கி, நிலத்தின் உருவத்தைக் கட்டியெழுப்பும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் மூன்று சென்ரிமீற்றர் அளவினதாக அமைதல் இன்று எளிது. ஓரடி அகலமுள்ள வரம்பு அதில் பத்துப் புள்ளி அகலமுள்ள கோடாகத் துலங்கும். ஓர் அங்குலப் படத்துக்கும், கனடா நாட்டுப் படத்துக்கும் எட்டாதிருந்த வரம்பு, இவ்வாறு முதன்முறையாகப் படத்துக்குள் வந்தது.

எனினும் பறத்தல் மட்டும் போதாது. நிலத்தில் ஆங்காங்கே கறுப்பும் வெள்ளையுமான அடையாளத் தட்டுகளை வைத்து, அவற்றின் இடத்தைச் செய்மதிக் கருவியால் நுட்பமாகக் கணித்து, படத்தை அவற்றோடு பொருத்த வேண்டும். ஆளில்லா வானூர்தி என்று பெயர் இருப்பினும், ஆள் நிலத்தில் நடந்தே ஆகவேண்டும். பொருத்தாத படம் பார்வைக்கு அழகாயிருக்கும், இடத்தால் தவறியிருக்கும்.

உயரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. செய்மதிக் கருவி பூமியை ஒரு சீரான கோளவுருவாகக் கொண்டு உயரத்தைச் சொல்லும். கடலோ சீரான உருவத்தைப் பின்பற்றுவதில்லை. ஈர்ப்பு விசை குறைந்த இடத்தில் தாழ்ந்தும் மிகுந்த இடத்தில் உயர்ந்தும் கிடக்கும். உலகிலேயே கடல்மட்டம் மிகத் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, இந்துமாக்கடலில் உள்ளது. அதன் விளைவாக, மட்டக்களப்புக் கடற்கரையிலேயே செய்மதிக் கருவி பூச்சியத்துக்குக் கீழே 90 மீற்றருக்கும் மேற்பட்ட ஓர் எண்ணைக் காட்டும். திருத்தம் செய்யாது படமெழுதினால் உன்னிச்சைக் குளம் கடலுக்கு அடியில் இருப்பதாக முடியும்! குளத்திலிருந்து வாவி வரை நிலம் மிக மெல்லச் சரியும் இப்பகுதியில், அரை மீற்றர்ப் பிழையும் வாய்க்காலின் நீரை எதிர்த்திசையில் ஓடவிடப் போதுமானது. வான்கதவு திறந்தால் எந்த வயல் முதலில் மூழ்கும், எந்த ஊருக்கு எவ்வளவு நேரத்தில் நீர் வரும் என்பவற்றைக் கணிப்பதற்கு ட்ரோன் தரும் உயர விவரம் பெரும் பேறு. அந்தப் பேறு திருத்தத்தின் நேர்மையைப் பொறுத்தது.

காலமும் பார்க்கவேண்டும். பயிர் நிமிர்ந்து நிற்கும்பொழுது வரம்பு மறையும். நீர் நிறைந்து நிற்கும்பொழுது கமரா வானத்தின் நிழலையே காணும். பெரும்போக அறுவடை முடிந்து வயல் வெறிதாகக் கிடக்கும் பங்குனி மாதத்தை அண்டிய நாட்களே தக்கவை. மரநிழலின் கீழுள்ள தரையைச் சாதாரணக் கமரா காணாது. ஒளிக்கதிரை எய்து அது மீளும் நேரத்தால் தூரமறியும் லிடார் கருவி, இலைகளின் இடுக்கினூடே ஓரளவு தரையைத் தொடும். அதன் விலையோ பன்மடங்கு.

இலங்கையில் இப்பணியை முன்னெடுத்தோருள் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் குறிப்பிடத்தக்கது; 2014ஆம் ஆண்டளவிலிருந்து அது ஆய்வுகளுக்கு ட்ரோனைப் பயன்படுத்தி வந்துள்ளது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ட்ரோன்களுக்குப் பதிவும் விதிகளும் வகுத்தது. 2019 சித்திரை மாதத்து உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ட்ரோன் பறத்தல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பின்னரே கட்டுப்பாடுகளோடு அனுமதி திரும்பிற்று. பாதுகாப்பு அமைச்சின் இசைவும் வேண்டும் என்ற விதி, கருவியின் போர்க்காலப் பிறவியை நினைவூட்டுகின்றது.

அண்டை நாடாகிய இந்தியா இதனை மிகப் பெரிய அளவில் மேற்கொண்டது. 2020 சித்திரை 24ஆம் நாள் தொடங்கிய ஸ்வாமித்வா என்னும் திட்டத்தின் கீழ், இந்திய நில அளவைத் துறை இலட்சக்கணக்கான கிராமங்களின் குடியிருப்பு நிலத்தை ட்ரோனால் அளந்தது. 2025 தை மாதத்தில் ஒரே நாளில் 65 இலட்சத்துக்கு மேற்பட்ட உரிமை அட்டைகள் வழங்கப்பட்டன. எண்ணிக்கை ஒருபுறமிருக்க, அங்குக் கையாண்ட ஒரு சிறு வழக்கம் சிந்தனைக்குரியது. ட்ரோன் எழுவதற்கு முன்னர், வீட்டுக்காரரும் அயலவரும் கிராம அலுவலரும் கூடி நின்று, எல்லை நெடுகச் சுண்ணாம்பால் கோடு இடுவர். மேலேயிருந்து கமரா காண்பது அந்த வெள்ளைக் கோட்டையே. படம் வந்தபின் அது ஊரார் முன் வைக்கப்படும். மறுப்புக் கூற விரும்புவோர் கூறலாம். அதாவது, எல்லையைத் தீர்மானித்தது ட்ரோன் அன்று. சுண்ணாம்புப் பாத்திரம் ஏந்தி நின்ற மனிதரே. அத்திட்டம் வீட்டு நிலத்தையே எடுத்துக்கொண்டது. வயல் நிலத்தைத் தொடவில்லை. உழாது கிடந்தால் காடாகிவிடும் வயலில் சுண்ணாம்புக் கோடு இடுதல் இன்னும் கடினம், இன்னும் இன்றியமையாதது.

இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும், அதன்கீழ் 2007இல் தொடங்கிய பிம்சவிய திட்டமும் இதற்குரிய வழியைக் கொண்டுள்ளன. நில அளவையாளர் நாயகம் காணித்துண்டுப் படம் எழுதுவார். உரித்து நிர்ணய ஆணையாளர் வர்த்தமானி வாயிலாக உரிமை கோருவோரை அழைப்பார். விசாரணையின் பின்னரே உரித்துப் பதியப்படும். நிர்ணயத்தை ஏற்காதவர் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். படம் வேறு, விசாரணை வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருப்பது போற்றத்தக்கது. ட்ரோன் படத்தை எழுதும் வேலையை மாதங்களிலிருந்து நாட்களாகக் குறைக்கலாம்; விசாரணையை அவ்வாறு குறைக்க முயல்வோர் எச்சரிக்கையோடு நோக்கப்பட வேண்டியவர்.

வயலுக்கு வரம்பாவது உண்டு. மேய்ச்சல் தரைக்கு அதுவும் இல்லை. செங்கலடி, கிரான் பக்கத்திலுள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையின் எல்லையை நிர்ணயித்து வர்த்தமானியில் அறிவிக்குமாறு கோரி, 2023 புரட்டாதியில் சித்தாண்டியில் பண்ணையாளர் தொடர் போராட்டம் தொடங்கினர். மாடு மேயும் நிலம் மேலேயிருந்து பார்ப்போருக்கு வெறும் புல். பருவத்துக்குப் பருவம் பட்டி மாறும் வழி எது, கோடையில் நீருக்கு எந்த மடுவை நாடும் என்பவற்றைப் பட்டிக்காரனே அறிவான். அவனை அழைத்துச் சென்று, அவன் கைகாட்டும் இடத்தில் அடையாளத் தட்டை வைத்தால், அதே ட்ரோன் படம் அவனுக்குச் சார்பான சான்றாகும். அவனை அழையாது எடுத்தால், அதே படம் அங்கே யாருமில்லை என்பதற்குச் சான்றாகும்.

உன்னிச்சையின் கீழுள்ள வயல்வெளியிலும் முறை இதுவே. பங்குனியில் ஒரு நாளைக் குறித்து, பிரதேச செயலகத்தார், வட்டவிதானை, கமக்கார அமைப்பினர், இருபுறத்து வயற்காரர் யாவரும் காலையிலேயே வரம்பில் கூடுவர். இடம்பெயர்ந்து எழுவான்கரையில் தங்கிவிட்டோருக்கும் முன்கூட்டியே சொல்லியனுப்பப்படும். 1956ஆம் ஆண்டு வான்படத்தின் பிரதியும், எஞ்சியுள்ள அனுமதிப்பத்திரங்களும், பழைய வாய்க்காலை நினைவில் வைத்திருக்கும் முதியவரின் சொல்லும் ஒருங்கே வைத்துப் பார்க்கப்படும். இணங்கிய எல்லையில் சுண்ணாம்பு விழும். இணங்காத இடம் இணங்காத இடமென்றே குறிக்கப்படும். அதன் பின்னர் ட்ரோன் எழுந்து அரை மணி நேரத்தில் இறங்கும். படம் வந்ததும் அளவையாளர் மீண்டும் அதே வரம்புக்கு வந்து, இருபுறத்தாரும் பார்த்திருக்க, எல்லைக்கல்லை நடுவார்.